ஸ்டெபிலைஸ் போட்டதும் ஊதும் ப்ராஜெக்ட்: எடையை எங்கே இறக்கி வைப்பது?

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தம்பி போன் செய்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். "அண்ணே, ப்ராஜெக்ட் திறக்கவே மாட்டேங்குது. லோடிங் கோடு பாதி வரைக்கும் ஓடுது, அப்புறம் அப்படியே நிக்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?" என்றான். ஃபைல் அளவைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. "அறுநூத்திப் பன்னெண்டு எம்பி." வீடியோ இல்லை, வெறும் ப்ராஜெக்ட் ஃபைல்.

ஃபைல் கெடவில்லை. மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுதல், ஊஞ்சல் என்று கையில் பிடித்து எடுத்த ஷாட் எல்லாவற்றிலும், ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் என்ற எஃபெக்டைப் போட்டிருந்தான். அது போதாதென்று ஹைலைட்ஸ் சீக்வென்சை (வெட்டி அடுக்கிய டைம்லைனை) 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று நான்கு நகல் எடுத்து வைத்திருந்தான். இந்தக் கேள்வி எனக்கு வருவது முதல் தடவை இல்லை. நானும் இதில் மாட்டி, ஆல்பம் கொடுக்க வேண்டிய நாளில் ப்ராஜெக்ட் திறக்கட்டும் என்று டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான். தப்பு என்னுடையதுதான்; ஆட்டமே இல்லாத ஷாட்டுக்குக்கூட 'இருக்கட்டுமே' என்று போட்டிருந்தேன்.

கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எஃபெக்டை அப்படியே விட்டுவிட்டுச் சமாளிப்பதா, நெஸ்ட் போடுவதா (ஷாட்டை ஒரு தனி சீக்வென்சுக்குள் வைத்து, அதையே கிளிப்பாகப் பயன்படுத்துவது), ரெண்டர் செய்து, அதாவது எஃபெக்டோடு புதிய வீடியோவாக எழுதி மாற்றுவதா, வேறு மென்பொருளுக்குப் போவதா? நான் எழுதுவது அடோபி ப்ரீமியர் ப்ரோவை வைத்து. நான் பார்த்த ஸ்டுடியோக்களில் அதிகம் ஓடுவது அதுதான்.

## முதலில், எடை எங்கிருந்து வருகிறது?

சாதாரணமாக ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது. எந்தக் கிளிப் எந்த டிரைவில் இருக்கிறது, எங்கே வெட்டினோம், என்ன எஃபெக்ட் போட்டோம் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதனால்தான் நூறு ஜிபி ஃபுட்டேஜ் உள்ள கல்யாணத்துக்குக்கூட ப்ராஜெக்ட் சில எம்பிக்குள் அடங்கிவிடுகிறது.

வார்ப் ஸ்டெபிலைசர் வேறு மாதிரி. 2011ல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சிஎஸ்5.5ல் வந்து, அடுத்த ஆண்டு சிஎஸ்6ல் ப்ரீமியருக்குள் நுழைந்தது. படத்தில் ஒட்டிக்கொள்ளத் தோதான நூற்றுக்கணக்கான புள்ளிகளை அது தேடிப் பிடிக்கும்: மண்டபத் தூணின் மூலை, தோரணத்தின் நுனி, யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடி. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்தப் புள்ளிகள் எங்கே போயின என்று குறித்துக்கொண்டே வரும். செகண்டுக்கு 25 ஃப்ரேம் வீதம் பத்து செகண்ட் என்றால் 250 ஃப்ரேமுக்கான கணக்கு. இந்தக் கணக்கு முழுவதும் எஃபெக்டின் ஒரு பகுதியாக ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே தனி கேஷ் (தற்காலிக) ஃபைலில் இல்லை. மீடியா கேஷை எத்தனை தடவை துடைத்தாலும் ப்ராஜெக்ட் இளைக்காததற்குக் காரணம் இதுதான்.

நேரில் பார்க்க ஆசையென்றால் ஒரு வழி உண்டு. ப்ரீமியரின் ப்ராஜெக்ட் ஃபைல் உண்மையில் ஜிஸிப் செய்து சுருக்கிய எக்ஸ்எம்எல், அதாவது எழுத்தாலான ஃபைல். ஒரு நகல் எடுத்து 7-ஸிப்பில் பிரித்து, பெரிய ஃபைலைத் தாங்கும் எடிட்டர் ஒன்றில் திறந்து பாருங்கள். கிளிப் பெயர், டிராக் எண் என்று படிக்கக்கூடிய வரிகள் ஓடும். திடீரென்று ஒரு வரி வரும், முடியவே முடியாது. எழுத்தும் எண்ணும் குழம்பிய ஒரே புதர். அந்தப் புதர்தான் ஒரு ஷாட்டின் ஸ்டெபிலைஸ் கணக்கு.

இதைப் பெருக்குகிற விஷயங்கள் நான்கு. எஃபெக்ட் உள்ள கிளிப்பை நகல் எடுத்தால் கணக்கும் நகலாகும். ரேசரால் வெட்டினால் இரண்டு துண்டும் எஃபெக்டைச் சுமக்கும். சீக்வென்சை நகல் எடுத்தால் அதிலுள்ள எல்லாமே இன்னொரு முறை. நான்காவது, டீட்டெய்ல்ட் அனாலிசிஸ் என்ற டிக். அதைப் போட்டால் ப்ராஜெக்டில் சேமிக்கும் தரவு மிகவும் பெருக்கும், வேகமும் குறையும் என்று அடோபியின் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. 'டீட்டெய்ல்ட்' என்றால் நல்லதுதானே என்று தட்டிவிடுகிறோம்.

ஆட்டோசேவ் இதற்கெல்லாம் மேலே. ஒவ்வொரு தடவையும் அது முழு ப்ராஜெக்டையும் புதிதாக எழுதுகிறது. 612 எம்பி ஃபைலுக்கு 20 நகல் வைத்தால் 12 ஜிபி அதிலேயே போய்விடும். இடம் போவதைவிட, சேவ் ஆகும்போதெல்லாம் டைம்லைன் உறைந்து நிற்பதுதான் எரிச்சல்.

## எதை வைத்து எடை போடுவது?

ஃபைல் எவ்வளவு இளைக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிறகு வருத்தப்படுவீர்கள். நான் பார்ப்பது ஐந்து.

ஒன்று, ப்ராஜெக்ட் உண்மையிலேயே இளைக்கிறதா. இரண்டு, கஸ்டமர் திருத்தம் சொன்னால் திரும்பிப் போக எவ்வளவு நேரம். கல்யாண வேலையில் இதுதான் முதல் என்றுகூடச் சொல்வேன். மூன்று, ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் தின்கிறது. நான்கு, படத்தின் தரமும் கலர் செய்யும் சுதந்திரமும். ஐந்து, ப்ராஜெக்ட் வேறு கைக்கு, வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் தாங்குமா.

இந்தக் கணக்குக்கு எங்காவது இடம் கொடுத்தே ஆக வேண்டும். ப்ராஜெக்டுக்குள் வைக்கலாம், டிஸ்கில் புதிய வீடியோவாக வைக்கலாம், பக்கத்தில் ஒரு சின்ன ஃபைலாக வைக்கலாம். கீழே உள்ள வழிகள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான்.

## வழி 1: எஃபெக்டை அப்படியே விட்டு, ஒழுக்கமாக நடந்துகொள்வது

செலவே இல்லாத வழி. எடிட் முழுவதும் முடிந்து, கஸ்டமர் 'சரி' சொன்ன பிறகு கடைசியாக ஸ்டெபிலைஸ் போடுவது. தேவையான ஷாட்டுக்கு மட்டும் போடுவது. டீட்டெய்ல்ட் அனாலிசிஸைத் தொடாமல் இருப்பது. பழைய சீக்வென்ஸ்களை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிடுவது. அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃபெக்ட் பக்கத்தில் உள்ள 'எஃப்எக்ஸ்' பட்டனை அணைத்தால் எஃபெக்ட் வேலை செய்யாது, ஆனால் கணக்கு உள்ளேயே இருக்கும். எஃபெக்டை டெலீட் செய்தால்தான் இறங்கும். நிறையக் கிளிப்பிலிருந்து ஒரே நேரத்தில் எடுக்க 'ரிமூவ் ஆட்ரிபியூட்ஸ்' உண்டு.

இதன் மறைவான செலவு மனுஷ சுபாவம். 'கடைசியில் போட்டுக்கொள்ளலாம்' என்று நினைப்போம். டீசர் கேட்கும்போது பத்து ஷாட்டுக்குப் போடுவோம். அதிலிருந்து நகல் எடுத்து ஹைலைட்ஸ் தொடங்குவோம். அங்கேயே ஒழுக்கம் முடிந்தது.

பத்துப் பதினைந்து ஷாட், ஒரே சீக்வென்ஸ், ஒரே ஆள் என்றால் இதுவே போதும். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ப்ராஜெக்டே பெரிது, நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை என்றால் 2020ல் வந்த 'ப்ரொடக்‌ஷன்ஸ்' உதவும். ஒரு பெரிய ஃபைலுக்குப் பதில் நலங்கு ஒன்று, முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என்று பல சின்ன ப்ராஜெக்ட்களாகப் பிரித்துக்கொள்ளலாம். மொத்த எடை குறையாது. ஆனால் ஒரு நேரத்தில் திறந்திருக்கும் பகுதியின் எடையை மட்டும் தூக்கினால் போதும்.

## வழி 2: நெஸ்டுக்குள் வைப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன்.

ஷாட்டை ஒரு நெஸ்டாக மாற்றி, எஃபெக்டை நெஸ்டுக்கு உள்ளே இருக்கும் கிளிப்பின் மேல் போட வேண்டும். இப்போது கணக்கு அந்த நெஸ்டுக்குள் ஒரே ஒரு முறைதான் இருக்கும். மேலே உள்ள டைம்லைனில் அந்த நெஸ்டை மூன்றாக வெட்டுங்கள், ஹைலைட்ஸிலும் டீசரிலும் முழு வீடியோவிலும் பயன்படுத்துங்கள், சீக்வென்சை 'ஃபைனல் 9' வரை நகல் எடுங்கள். எல்லாமே அந்த ஒரே நெஸ்டைச் சுட்டிக்காட்டும் குறிப்புகள்தான். கணக்கு பெருகாது.

எஃபெக்டை நெஸ்டின் மேல் போட்டால் இந்த லாபம் எல்லாம் போச்சு. கணக்கு டைம்லைனில் உள்ள நெஸ்ட் கிளிப்போடு ஒட்டிக்கொள்ளும், வெட்டும்போதும் நகலெடுக்கும்போதும் பழையபடி பெருகும். தம்பி ஏற்கெனவே சில ஷாட்டுக்கு நெஸ்ட் போட்டிருந்தான், ஆனால் எஃபெக்ட் எல்லாம் வெளியே. காரணம் ஸ்லோமோஷன். ப்ரீமியரில் ஒரே கிளிப்பில் ஸ்பீட் மாற்றமும் வார்ப் ஸ்டெபிலைசரும் சேர்ந்து இருக்க முடியாது. 'முதலில் ஸ்லோ பண்ணு, நெஸ்ட் போடு, மேலே ஸ்டெபிலைஸ் போடு' என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள்: உள்ளே ஸ்டெபிலைஸ், வெளியே ஸ்பீட்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 25 ஃப்ரேம் டைம்லைனில் இருந்தபடியே நெஸ்ட் போட்டால் நெஸ்டும் 25 ஆகத்தான் உருவாகும். 50 ஃப்ரேமில் எடுத்த ஷாட்டை அதற்குள் வைத்து, வெளியே 50 சதவீதம் ஸ்பீட் போட்டால், பாதி ஃப்ரேம் ஏற்கெனவே போயிருக்கும்; ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு தடவை வந்து படம் தட்டுத்தடுமாறும். அட்சதை விழும் ஷாட்டில் இது கண்ணை உறுத்தும். இதற்கு, கிளிப்களைப் போட்டு வைக்கும் 'பின்' என்ற பெட்டியில் உள்ள கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'நியூ சீக்வென்ஸ் ஃப்ரம் கிளிப்' கொடுங்கள். 50 ஃப்ரேம் சீக்வென்ஸ் கிடைக்கும். அதற்குள் ஸ்டெபிலைஸ் போட்டு, அந்தச் சீக்வென்சை டைம்லைனுக்கு நெஸ்டாகக் கொண்டுவாருங்கள். கிளிப் அளவும் சீக்வென்ஸ் அளவும் ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்வேன் என்று பழைய பதிப்புகளில் வரும் எச்சரிக்கைப் பட்டைத் தொல்லையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

மறைவான செலவுகள்: நெஸ்டுக்குள் எவ்வளவு நீளம் வைத்தோமோ அவ்வளவுதான் வெளியே இழுக்க முடியும். நீட்ட வேண்டுமென்றால் உள்ளே போய் நீட்டி, மறுபடி அனலைஸ் செய்ய வேண்டும். அதனால் முன்னும் பின்னும் ஒரு செகண்ட் அதிகமாக வைத்துக்கொண்டு போடுங்கள்; இந்த உபரிக்குத்தான் ஹேண்டில் என்று பெயர். இன்னொன்று, 'பின்' பெட்டி முழுக்க 'நெஸ்டட் சீக்வென்ஸ் 01' முதல் '47' வரை வரிசை கட்டி நிற்கும். பெயர் வைக்காவிட்டால் ஒரு மாதம் கழித்து ஊஞ்சல் எது, பாலும் பழமும் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கலருக்காக வேறு மென்பொருளுக்கு எக்ஸ்எம்எல் அனுப்புகிறவர்களுக்கு நெஸ்ட் வழி ஒத்துவராது. வார்ப் ஸ்டெபிலைசர் அந்தப் பக்கம் போகவே போகாது, நெஸ்டும் தகராறு செய்யும். அவர்கள் நான்காவது வழிக்குப் போவது நல்லது.

## வழி 3: ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்

கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, எஃபெக்டையும் சேர்க்கும் டிக்கைப் போட்டுக் கொடுத்தால், ப்ரீமியரே புதிய வீடியோவை எழுதி டைம்லைனில் வைத்துவிடும். வேண்டாமென்றால் 'ரீஸ்டோர் அன்ரெண்டர்ட்' கொடுத்துப் பழைய கிளிப்பை எஃபெக்டோடு திரும்பப் பெறலாம். ப்ளேபேக் பஞ்சு மாதிரி ஆகிவிடும். பழைய லேப்டாப்பில் எடிட் செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் நம் கேள்வி ப்ராஜெக்டின் எடை பற்றி. பழைய எஃபெக்டைத் திரும்பக் கொண்டுவர முடிகிறது என்றால், அந்தத் தரவு ப்ராஜெக்டில் எங்கோ இருந்தாக வேண்டும் அல்லவா? அதனால் இதைச் செய்துவிட்டு 'ஃபைல் இளைத்துவிட்டது' என்று நம்பிவிடாதீர்கள். முன்னும் பின்னும் சேவ் செய்து அளவைப் பாருங்கள். ப்ளேபேக் திணறுகிறது என்பதற்கு இது நல்ல மருந்து. ப்ராஜெக்ட் திறக்கவில்லை என்பது வேறு நோய்.

இன்னொன்றும் உண்டு. எஃபெக்டைச் சேர்க்கச் சொன்னால் அந்தக் கிளிப்பில் லுமெட்ரி (ப்ரீமியரின் கலர் கருவி) மூலம் செய்த கலரும் சேர்ந்தே படத்தில் படிந்துவிடும். கலர் செய்யும் முன்பே இதைச் செய்வது, அல்லது கலரைக் கிளிப்புக்கு மேலே தனியாக வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் வைப்பது உத்தமம்.

## வழி 4: தனி ப்ராஜெக்டில் ஸ்டெபிலைஸ் செய்து எக்ஸ்போர்ட் எடுப்பது

ப்ராஜெக்டை உண்மையிலேயே இளைக்க வைப்பது இதுதான். 'ஸ்டெபி' என்று ஒரு தனி ப்ராஜெக்ட் வைத்து, ஆடும் ஷாட்களை அதில் போட்டு, ஸ்டெபிலைஸ் செய்து, ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் (தரம் கெடாமல் எடிட்டுக்கு ஏற்ற வடிவங்கள்) ஃபைலாக எக்ஸ்போர்ட் எடுத்து, அதை முதன்மை ப்ராஜெக்டில் சாதாரணக் கிளிப்பாகப் பயன்படுத்துவது. கணக்கு எல்லாம் ஸ்டெபி ப்ராஜெக்டிலேயே தங்கிவிடும். முதன்மை ப்ராஜெக்டுக்கு அப்படி ஒரு எஃபெக்ட் இருந்ததே தெரியாது. வேறு கம்ப்யூட்டரோ, வேறு மென்பொருளோ, எங்கே கொண்டுபோனாலும் அது வெறும் வீடியோ.

செலவு டிஸ்கில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்யாணத்தில் 40 ஷாட், ஹேண்டிலோடு சேர்த்து ஒவ்வொன்றும் 8 செகண்ட் என்று வையுங்கள். மொத்தம் 320 செகண்ட். 4கே அளவில் 25 ஃப்ரேமுக்கு ப்ரோரெஸ் 422 சுமார் 492 மெகாபிட் வேகத்தில் எழுதும், அதாவது செகண்டுக்கு 61 எம்பிக்குக் கொஞ்சம் மேல். 320 செகண்டுக்கு 20 ஜிபி கிட்ட வரும். ப்ரோரெஸ் எல்டி எடுத்தால் அதில் சுமார் முப்பது சதவீதம் குறையும். 1080ல் போதுமென்றால் 422க்கு 122 மெகாபிட்தான். 5 ஜிபிக்குள் முடிந்துவிடும். ஒப்பிட, 100 மெகாபிட்டில் கேமரா எழுதிய மூல 4கே ஃபைல் அதே நீளத்துக்கு 4 ஜிபி.

இந்த 20 ஜிபியைப் பார்த்துப் பயந்து எச்.264ல் எக்ஸ்போர்ட் எடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஏற்கெனவே அழுத்தியதை மறுபடி அழுத்துகிறீர்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் துணி அலங்காரத்திலும் எல்இடி வெளிச்சத்திலும் கலர் ஏற்றும்போது பட்டை பட்டையாகத் தெரியும்.

லாகில் (பிறகு கலர் செய்வதற்காக வெளிறிய நிறத்தில் பதியும் முறை) எடுத்த ஃபுட்டேஜ் என்றால் இன்னும் ஜாக்கிரதை. புதிய பதிப்புகள் லாக் கிளிப்பை அடையாளம் கண்டு தானே சாதாரண நிறத்துக்கு மாற்றிக் காட்டும். அது தெரியாமல் எக்ஸ்போர்ட் எடுத்தால் லாக் போய், மாற்றிய நிறம் படிந்த ஃபைல்தான் கையில் கிடைக்கும். எக்ஸ்போர்ட் எடுத்த ஃபைலையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஸ்கோப்பில் (வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாகக் காட்டும் கருவி) பாருங்கள். ஒரே ஒரு ஷாட்டில் பார்த்தால் போதும், மீதிக்குத் தைரியமாகப் போகலாம்.

டைம்லைன் 1080, ஃபுட்டேஜ் 4கே என்றால் ஸ்டெபி சீக்வென்சை 4கேயிலேயே வையுங்கள். ஸ்டெபிலைசர் ஓரத்தை வெட்டி, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் நிறுத்துகிறது. அந்தப் பெரிதாக்கலை 4கேயில் செய்தால் 1080ல் தெரியாது.

இந்த வழியின் பெரிய பலவீனம் திருத்தம். ஹேண்டில் இல்லாமல் எக்ஸ்போர்ட் எடுத்திருந்தால், 'இன்னும் ஒரு செகண்ட் காட்டுங்க' என்ற சின்ன வார்த்தைக்கு ஸ்டெபி ப்ராஜெக்டைத் திறந்து, நீட்டி, அனலைஸ் செய்து, எக்ஸ்போர்ட் எடுத்து, மாற்ற வேண்டும். ஸ்டெபி ப்ராஜெக்டையே டெலீட் செய்துவிட்டவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

## வழி 5: வெளியே போவது

கேமரா எப்படி ஆடியது என்பதைப் படத்தைப் பார்த்து ஊகிப்பதற்குப் பதில், கேமராவுக்குள்ளே அசைவை அளக்கும் கைரோ சென்சாரிடமே கேட்கலாம். கோப்ரோவும் சோனியின் புதிய மாடல்கள் பலவும் அந்தத் தரவை வீடியோ ஃபைலோடு சேர்த்தே எழுதுகின்றன. கைரோஃப்ளோ என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அதைப் படித்து ஸ்டெபிலைஸ் செய்யும். புள்ளி தேடும் வேலையே இல்லாததால் வேகம் அதிகம். முன்னால் யாராவது குறுக்கே நடந்தாலும் ஏமாறாது. கல்யாண மண்டபத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முகூர்த்தம் எடுத்தவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம் கேட்டதும் பத்து பேர் கேமரா முன்னால் எழுந்து நிற்பார்கள், வார்ப் ஸ்டெபிலைசர் அவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு மேடையை ஆட்டிவிடும்.

எடை? அசைவுத் தரவு கேமரா ஃபைலிலோ, பக்கத்தில் வைக்கும் சிறிய கைரோஃப்ளோ ஃபைலிலோ இருக்கும். ரெண்டர் செய்து எடுத்தால் நான்காவது வழியின் டிஸ்க் செலவு இங்கேயும் உண்டு.

நிபந்தனைகள் அதிகம். கேமரா அந்தத் தரவை எழுதியிருக்க வேண்டும். லென்சுக்கு ஏற்ற ப்ரொஃபைல் வேண்டும். கேமராவுக்குள்ளே எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைஸ் போட்டு எடுத்தால் குழப்பம். எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய வழி இது. எடிட் டேபிளில் வந்து நினைத்தால் பல நேரம் தாமதமாகிவிடும். கேமராமேன் வேறு, எடிட்டர் வேறு என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள்.

டாவின்சி ரிசால்வுக்கு மாறலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதன் ஸ்டெபிலைசர் வேகமானது, ப்ராஜெக்டுகளை அது டேட்டாபேஸில் வைக்கிறது. ஆனால் ப்ராஜெக்ட் ஃபைல் பெருத்ததற்காக மட்டும் மென்பொருளையே மாற்றுவது அதிகம். கலருக்கு எப்படியும் அங்கேதான் போகிறீர்கள் என்றால் ஸ்டெபிலைசையும் அங்கேயே செய்துகொள்ளுங்கள், சரி.

கட்டளை வரி பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியில் விட்-ஸ்டாப் என்ற ஸ்டெபிலைசர் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் அசைவைக் கண்டுபிடித்துத் தனி ஃபைலில் எழுதும், இரண்டாவது ஓட்டத்தில் சரிசெய்யும். ஐம்பது கிளிப்பை ராத்திரி வரிசையில் விட்டுத் தூங்கப் போகலாம். ஷாட்டுக்கு ஷாட் பார்த்துச் செய்யும் நுணுக்கம் கிடைக்காது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ப்ராஜெக்ட் இளைக்குமா | திருத்தம் வந்தால் | டிஸ்க் இடம் | வேறு கைக்குப் போனால் |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | இளைக்காது. பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம் | உடனே மாற்றலாம் | ஆட்டோசேவ் மட்டும் | கனமான ஃபைலோடு போகும் |
| உள்ளே நெஸ்ட் | நகல்களின் எடை போகும் | எளிது, ஹேண்டில் இருந்தால் | கிட்டத்தட்ட இல்லை | ப்ரீமியருக்குள் சரி, வெளியே சிரமம் |
| ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ் | நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள் | ரீஸ்டோர் உண்டு | அதிகம் | ரெண்டர் ஃபைலும் கூடப் போக வேண்டும் |
| தனி ப்ராஜெக்ட், எக்ஸ்போர்ட் | முழுமையாக | சுற்றி வர வேண்டும் | மிக அதிகம் | மிகச் சிறப்பு |
| கைரோஃப்ளோ போன்றவை | ஆம் | தனி மென்பொருளில் | ரெண்டர் செய்தால் அதிகம் | ரெண்டர் செய்தால் சிறப்பு |

## நான் எதைச் செய்கிறேன்

மூன்று நிமிட ஹைலைட்ஸ் என்றால் நெஸ்ட். வேறு யோசனையே இல்லை. டீசர், ஹைலைட்ஸ், முழு வீடியோ என்று ஒரே ஷாட் மூன்று இடத்தில் வரும் பேக்கேஜுக்கும் நெஸ்டுதான்.

கலர் வேறு ஆளிடம் போகிறது, அல்லது வேலை இரண்டு மாதம் இழுக்கும் என்றால் எக்ஸ்போர்ட். 20 ஜிபி போகட்டும். வேலை கொடுத்து முடிந்ததும் அந்த வீடியோக்களை அழித்துவிட்டு ஸ்டெபி ப்ராஜெக்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன். மூலமும் அதுவும் இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மணி நேர ட்ரெடிஷனல் வீடியோவுக்கு ஸ்டெபிலைசே போடுவதில்லை. ட்ரைபாடில் எடுத்ததை நிறுத்த என்ன இருக்கிறது? சீர்வரிசைத் தட்டு ஊர்வலத்தில் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும், பின்னால் தவில் வேறு அடிக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மண்டப வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/50 செகண்டில் எடுத்த ஷாட்டில் ஒவ்வொரு குலுக்கலும் மங்கலாகப் பதிந்திருக்கும். ஸ்டெபிலைசர் குலுக்கலை எடுத்துவிடும், மங்கல் அப்படியே நிற்கும். படம் நின்ற இடத்திலேயே கண் சிமிட்டுவது மாதிரி இருக்கும். அதற்குப் பதில் அந்த அரை செகண்டை வெட்டிவிட்டு அத்தையின் சிரிப்பைப் போடலாம்.

## ஏற்கெனவே ஊதிவிட்டது என்றால்

பெருத்த ப்ராஜெக்டைத் திறக்கவே முயற்சி செய்யாதீர்கள். முதலில் அதை ஒரு நகல் எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். புதிய, காலியான ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, அதற்குள் பழைய ப்ராஜெக்டை இம்போர்ட் செய்யுங்கள். முழு ப்ராஜெக்டா, தேர்ந்தெடுத்த சீக்வென்ஸ் மட்டுமா என்று கேட்கும். கடைசி சீக்வென்ஸ் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய நகல்கள் எல்லாம் வெளியே நின்றுவிடும். நேரம் எடுக்கும், கோடு நகராத மாதிரி தெரியும், பொறுமையாக விடுங்கள்.

உள்ளே வந்ததும் சேவ் செய்து அளவைப் பாருங்கள். இன்னும் கனமாக இருந்தால், ஷாட் ஷாட்டாகப் போய், ஆட்டம் பெரிதாக இல்லாதவற்றிலிருந்து எஃபெக்டை எடுங்கள். கட்டாயம் வேண்டியதை நெஸ்டுக்குள் கொண்டுபோய் மறுபடி அனலைஸ் செய்யுங்கள். ஆட்டோசேவ் எண்ணிக்கையையும் அப்படியே குறைத்துவிடுங்கள்.

தம்பி அன்று ராத்திரி இரண்டரை மணிக்கு மெசேஜ் அனுப்பினான்: "அண்ணே, 74 எம்பி. பத்து செகண்ட்ல திறக்குது." நான்கு நகல் போய், முப்பது ஷாட்டில் எஃபெக்ட் எடுத்து, மீதியை நெஸ்ட் போட்டிருக்கிறான். மாலை மாற்றும் ஷாட் ஒன்றை மட்டும் ப்ரோரெஸில் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்தானாம், அது ரொம்ப ஆடியதால்.

மறுநாள் மத்தியானம் பெண் வீட்டிலிருந்து அவனுக்குப் போன். மாலை மாற்றும்போது பின்னால் நிற்கும் தாத்தா கை தட்டுவது தெரியவில்லையாம், இரண்டு செகண்ட் நீட்ட வேண்டுமாம். "ஹேண்டில் வச்சியாடா?" என்று கேட்டேன். மறுபடி மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது.